மஞ்சள் தாளும் நாறாத காற்றும்

நான் பயந்தாங்கொள்ளி. பிறவியிலேயே அப்படித்தான். பல்லிக்குப் பயம். ரயில்வே கேட்டில் நின்றால் இன்ஜின் தண்டவாளத்தை விட்டு என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம். பாலாற்றில் திடீர் வெள்ளம் வந்துவிடுமோ என்று பயம். அந்த ஆற்றில் மணலைத் தவிர வேறு எதையும் நான் அதிகம் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இவையெல்லாம் சில்லறைப் பயங்கள். பெரிய பயம் ஒன்று இருந்தது. காலையில் கண் விழித்ததும், பக்கத்தில் படுத்திருக்கும் தங்கையின் தலையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். தேங்காயெண்ணெய் வாசனை வந்தால்தான் பாயை விட்டு எழுந்திருப்பேன். வராமல் போனால் நான் சாகப் போகிறேன் என்று அர்த்தம்.

இந்தக் கிறுக்கு எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப் போட்டு முடியைக் கழிக்கிற வேலை. நான் மூன்றாவது படிக்கும்போது ஒருநாள், டேனரிக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் போய்ச் சேரும் குழி அடைத்துக்கொண்டது. சுண்ணாம்புத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒன்றாக வந்து விழும் குழி அது. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் முதலில் இறங்கினார். அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பின்னால் இறங்கினார். அப்பாவை மட்டும்தான் உயிரோடு மேலே தூக்க முடிந்தது.

அதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நின்றிருக்கக் கூடாது.

"மொதல்ல கூமுட்ட மாதிரி நாறுச்சு. கொடலப் பொரட்டுது. கொஞ்ச நேரத்துல நாத்தமே இல்ல. 'அண்ணே, நாத்தம் நின்னுபோச்சு, வா'ன்னு கீழருந்து சொல்றான். எனக்கும் நாறல. சரியாப் போச்சுன்னு நெனச்சோம். அப்டியே குந்தினான். அவ்ளோதான்."

அன்றிலிருந்து அப்பாவுக்கு மூக்கு போய்விட்டது. மல்லிகைப் பூவைக் கையில் கொடுத்தாலும் ஒன்றுதான், மாட்டுச் சாணியைக் கொடுத்தாலும் ஒன்றுதான். சோறு தீய்ந்தால் தெரியாது. சாப்பாடு அவருக்கு வெறும் உப்பும் காரமுமாகச் சுருங்கிப்போனது. ஆனால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். என் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். தட்டை அவள் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

"இன்னாடி வாசன?"

"ரசம்ப்பா. பெருங்காயம், பூண்டு, கொத்தமல்லி."

"பெருங்காயம் ஜாஸ்தியா கம்மியா?"

"ஜாஸ்திப்பா."

அதைக் கேட்ட பிறகுதான் பிசைவார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு ருசி வரும். என்னிடம் கேட்கமாட்டார். நான் மோந்து பார்த்தால் முகம் வெளுத்துப் போகுமாம், அதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காதாம். நியாயம்தான்.

எல்லா வாசனையையும் அவள் அப்பாவுக்குச் சொல்வாள், ஒன்றைத் தவிர. எங்கள் வீட்டில் 'நாத்தம்' என்ற வார்த்தைக்கு இடம் கிடையாது. அம்மாவின் சட்டம் அது. டேனரிகளால் ஊர் முழுக்க நாறும். நாறுது என்று சொல்லக் கூடாது. "அதுல வர்ற சோத்தத் தின்னுட்டு அதையே நாத்தம்னு சொல்ற வாயி வாயாடி? இன்னொரு தபா சொன்னே, வாயிலயே போடுவேன்" என்பாள். போட்டும் இருக்கிறாள், கரண்டியால். அப்பாவும் அதற்கேற்ப நடந்துகொள்வார். வேலை விட்டு வந்தால் நேராகக் கிணற்றடிதான். சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் எங்களைத் தொடுவார்.

பள்ளிக்கூடத்திலும் இதே சட்டம்தான், விளையாட்டு வடிவத்தில். வெளியூர் பஸ் ஆம்பூருக்குள் நுழையும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பாக வரும், கூடவே பற்றிக்கொண்டும் வரும். அதனால் நாங்கள் பெண்பிள்ளைகள் டேனரி சுவரோரம் சாக்கடைப் பக்கத்தில் வரிசையாக நிற்போம். யார் முதலில் மூக்கைப் பொத்துகிறாளோ அவள் தோத்தாங்கோளி. என் தங்கை ஒருநாளும் தோற்றதில்லை. நான் முதல் ஆளாகத் தோற்பேன், வேண்டுமென்றேதான். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் அல்லவா.

நான் ஐந்தாவதுக்கு வந்த வருஷம் புது டீச்சர் ஒருவர் வந்தார். தெற்கத்திப் பக்கம். நாலாவதும் ஐந்தாவதும் ஒரே அறை, இரண்டுக்கும் அவர்தான். அதனால் நாலாவது படித்த என் தங்கை முன் பெஞ்சிலும் நான் பின் பெஞ்சிலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். முதல் நாள் வகுப்புக்குள் வந்ததுமே டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி, வீட்டில் உருது பேசுகிறவள், எழுந்து நின்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "பேஜார் பண்ணிக்காதீங்க டீச்சர். நாலு நாள்ல சரியாப் பூடும்."

டீச்சருக்குக் காது சிவந்துவிட்டது. அதன் பிறகு அவர் கை மூக்குக்குப் போய் நாங்கள் பார்த்ததே இல்லை.

ஆனால் அந்த டீச்சர் மாதிரி ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சாமான் என்று ஒரு பூட்டிய அலமாரி இருந்தது. திறந்தால் கரப்பான்பூச்சிதான் இருக்கும். டீச்சர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டில் தூக்கிப் போடுறதை எல்லாம் கொண்டு வாங்க பிள்ளைகளா" என்றார். கொட்டாங்குச்சி இரண்டும் ஒரு குச்சியும் தராசு ஆயின. உடைந்த கண்ணாடித் துண்டுகளை அட்டைப்பெட்டிக்குள் சாய்த்து வைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் போகிற மாட்டுவண்டியைப் பார்த்தோம். ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி எறும்பைப் பார்த்தால் எறும்பு ஆட்டுக்குட்டி அளவுக்கு நின்றது. மூங்கில் குழாயில் பம்பு செய்தோம்; அதற்கு வாஷர் வெட்டத் தோல் துண்டுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்!

எல்லாருக்கும் கொண்டாட்டம். எனக்கு மட்டும் ஒவ்வொன்றும் ஒரு கண்டம். பல்புத் தண்ணீர் வழியாக வெயில் விழுந்து காகிதம் புகைந்தபோது, கூரை பற்றிக்கொள்ளும் என்று வாசல்வரை ஓடிவிட்டேன். "அக்கா ஓடிப்போய்ட்டா டீச்சர்!" என்று என் தங்கைதான் அறிவித்தாள். அவளுக்கு எதிலும் முதலாக வரவேண்டும். பயம் என்பதை மொத்தமாக எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறந்தவள்.

அப்புறம் மஞ்சள் தாள் வந்தது.

மஞ்சள் தூளைக் குழைத்துக் காகிதத்தில் பூசி, கொடியில் காயப்போட்டு, சின்னச் சின்னப் பட்டையாக வெட்டினோம். சோப்புத் தண்ணீரில் தோய்த்தால் அது சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். "எதெது சிவப்பாக்குது, எதெது மஞ்சளாக்குதுன்னு நாமே கண்டுபிடிப்போம். நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க. யாருடையது ரொம்பச் சிவக்குதோ அவங்கதான் முதல்" என்றார் டீச்சர். முதல் என்ற சொல் காதில் விழுந்ததும் என் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பின் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காற்று. தாள் பறக்கிறது என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தினோம். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அடுப்புச் சாம்பல் லேசாகச் சிவந்தது. வண்ணார் வீட்டு உவர்மண் இன்னும் கொஞ்சம். ஒருத்தி வெற்றிலைச் சுண்ணாம்பு கொண்டு வந்தாள். தாள் சட்டென்று ரத்தச் சிவப்பானது. "ஐ, ஆரத்தி! ஆரத்தி டீச்சர்!" என்று கத்தினோம். அவள்தான் ஜெயித்தாள் என்று நினைத்தபோது என் தங்கை பாவாடை மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

செங்கல் நிறத்தில் கட்டிகள். முந்தின நாள் சாயங்காலம் அவள் விரல் நுனியெல்லாம் வழுவழு என்று இருந்தது. அம்மா கேட்டதற்கு, சோப்பு என்றாள்.

"இது என்னம்மா?"

"அப்பா வேல செய்ற எடத்துல கெடந்துது டீச்சர். பீப்பாய் பக்கத்துல. முடி போறதுக்கு சுண்ணாம்புல கலப்பாங்க."

"சுண்ணாம்பில் கலக்குறதா? அப்போ அதுவும் சுண்ணாம்புக்குச் சொந்தம்தான்" என்று டீச்சர் அதை ஒரு குச்சியால் எனாமல் கிண்ணத்தில் தள்ளித் தண்ணீர் ஊற்றினார். தோய்த்த தாள் சிவப்பைத் தாண்டிக் கறுஞ்சிவப்பானது. வகுப்பே கைதட்டியது. என் தங்கை திரும்பி என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

"சரி, இப்போ இதை மஞ்சளாக்கு பார்ப்போம்."

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஆகவில்லை. புளித்தண்ணீர் முழுக்க ஊற்றினாள். ஆகவில்லை. லேசாக ஒரு நாற்றம் எழுந்தது. எங்கள் ஊரில் நாற்றத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்? டீச்சரிடம் ஒரு சின்னப் புட்டி இருந்தது, பேட்டரிக் கடையில் வாங்கிய ஆசிட். நாங்கள் யாரும் தொடக் கூடாது. அவரே அதன் மூடியைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஜாக்கிரதையாகக் கிண்ணத்தில் விட்டார்.

புசுபுசு என்று நுரைத்தது. "நுரைக்குது, நுரைக்குது!"

கூமுட்டை நாற்றம் பின் பெஞ்சுவரை வந்து அறைந்தது.

ஒருத்தியும் மூக்கைப் பொத்தவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சாக்கடைச் சுவரோரம் நிற்கிற மாதிரியே நின்றார்கள். தோற்கக் கூடாதே! டீச்சரின் கை முந்தானைக்குப் போனது. பிள்ளைகள் எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். கை கீழே இறங்கிவிட்டது. 'டேனரிப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது, ஊர் நாற்றம்தான் இன்று அதிகம் என்று நினைத்தேன்' என்று பிற்பாடு எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முகர்ந்துகொண்டிருந்தேன். நாற்றம் வருகிறது, அப்படியென்றால் உயிரோடு இருக்கிறேன். இன்னும் வருகிறது. இன்னும் உயிரோடு இருக்கிறேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை கிண்ணத்துக்கு மேல் குனிந்து, தாளைத் தோய்த்துத் தோய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

"நாத்தம் நின்னுபோச்சு டீச்சர்!"

எனக்கு நிற்கவில்லை. எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும், குரல் வரவில்லை. எழுந்திருக்க வேண்டும், கால் இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, ஏதோ விளையாடுகிறவள் போல, மெல்ல முழங்காலை மடக்கிக் குந்தினாள்.

குந்தினாள் என்பதைப் பார்த்ததும்தான் எனக்குக் கால் வந்தது. பெஞ்சுக்கு மேலேயே ஏறி ஓடினேன். "குழி! அப்பா குழி! ஓடுங்கடீ!" என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. அவள் பின்னலைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. டீச்சர் கதவை உதைத்துத் திறந்ததும், முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு அவள் காலைத் தூக்கியதும் நினைவிருக்கிறது. என் சிநேகிதி சின்னப் பிள்ளைகளைப் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

புங்க மரத்தடியில் போட்டோம். எல்லாரும் இருமினார்கள், வாந்தி எடுத்தார்கள். அவள் மட்டும் இருமவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. டீச்சர் அவள் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினார், தூக்கி இறக்கினார். "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு" என்றார். நான் என் மூக்கை அவள் தலைமயிரில் புதைத்தேன். எண்ணெய் வாசனை வந்தது. எனக்கு வந்து என்ன பிரயோஜனம்!

ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் ஒரு இருமல். அவள் புளித்தண்ணீர் நிறத்தில் வாந்தி எடுத்து என் பாவாடையை நனைத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் பார்த்ததில்லை.

யாரோ டேனரிக்கு ஓடிச் சொல்லியிருந்தார்கள். அப்பா சுண்ணாம்புக் கையோடு வந்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கிணற்றடிக்குப் போகவில்லை.

கடைத்தெரு டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "மூச்சு சீரா இருக்கு. காத்தோட்டமா வைங்க. மறுபடி மயங்கினா தாமதிக்காம வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திடுங்க" என்றார். வாசலில் ஒரு ஜட்கா தயாராக நின்றது. குதிரை கால் மாற்றும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சர் மஞ்சள் கறை படிந்த கையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார், போகச் சொன்னாலும் போகவில்லை. அம்மா அவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பள்ளிக்கூடம்னுதானே அனுப்பினோம், அங்கயும் குழியா?" டீச்சர் வாய்விட்டு அழுதார். அம்மா எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது தங்கை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். பேசினாள். எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அப்பா மட்டும் விடவில்லை. எழுந்து போய், அம்மா தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் மூக்கருகில் வைத்தார்.

"இன்னாடி வாசன?"

அவள் முகர்ந்தாள். திரும்ப முகர்ந்தாள். "ஒண்ணும் வரலப்பா."

காப்பித் தம்ளரைக் கொண்டு வந்தார். வரவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து நீட்டினார். பூண்டை நசுக்கி நீட்டினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"என் மூக்கு போனா போவுது," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "இவ மூக்குமா?"

டப்பாவைக் கீழே வைத்தார். பாயில் உட்கார்ந்து அவளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். வெளியே குதிரை கனைத்தது.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தவள் நெளிய ஆரம்பித்தாள். முகத்தைச் சுளித்தாள். கையை ஊன்றி அவரைத் தள்ளினாள்.

"தள்ளிப் போப்பா. நாறுறே."

சொன்ன வேகத்தில் அவளுக்கே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அம்மா கையில் கரண்டி இருந்தது.

"இன்னா சொன்னே?"

"இல்லம்மா… சொல்லலம்மா…"

"இன்னொரு தபா சொல்லுடி." அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "என் ராசாத்தி, இன்னொரு தபா சொல்லு."

"நாறுது," என்றாள் மெதுவாக. "அப்பா மேல."

அப்பா தன் பனியனை இழுத்து மோந்து பார்த்தார். அவருக்கு எதுவும் வரவில்லை. அவளை விடாமல் அணைத்துக்கொண்டே, தட்டை நீட்டிக் கேட்பது போலக் கேட்டார்.

"ஜாஸ்தியா, கம்மியாடி?"

"ஜாஸ்திப்பா," என்றாள். "ரொம்ப ஜாஸ்தி."